அம்பாசிடரை வரையலாம், மக்கில் போட்டு விற்கலாமா?

ஒருநாள் காலையில் ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க வரைஞ்ச அந்த வெள்ளை அம்பாசிடர் படம் இருக்கா? டிக்கி மேல பேரு தெரியணும். எங்கப்பா இருபது வருஷம் ஓட்டின வண்டி." இருக்கிறது, பேரும் தெரிகிறது என்றேன். "அப்ப அதையே ஆறு காபி மக்குலயும் போட்டுக் குடுத்துருங்க, அண்ணன் தம்பிகளுக்குக் குடுக்கணும்." படத்தைத் தருகிறேன், மக்கில் வேண்டுமானால் பேரில்லாமல் போட்டுத் தருகிறேன் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். படத்தில் இருக்கலாம், மக்கில் கூடாதா என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சொந்தக் கையால் வரைந்த படங்களை விற்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் இது ஒருநாள் வரும். நாம் வரைவதில் முக்கால்வாசி யாரோ தயாரித்த பொருள்தானே! புல்லட், டிவிஎஸ் 50, பிஸ்கட் பாக்கெட், பல்பொடி டப்பா, சோடா பாட்டில். நான் வக்கீல் இல்லை. பழைய வண்டிகளும் பெட்டிக்கடைகளும் வரைந்து விற்பவன். அடிபட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இந்தியச் சட்டத்தை வைத்துத்தான் பேசுகிறேன். வெளிநாட்டுக்கு விற்கும்போது அங்குள்ள சட்டமும் வந்து சேரும்.

படி 1: வரையும் பொருளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

முதலில் ஒரு சொல் குழப்பம். நம் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் 'காப்புரிமை' என்றே எழுதிவிடுகின்றன. காப்புரிமை என்பது பேட்டன்ட், கண்டுபிடிப்புகளுக்கானது. படம் வரைபவருக்கு அதோடு வேலையே இல்லை. நமக்கு வேண்டியவை வேறு மூன்று: 1957-ஆம் வருடச் சட்டத்தின் பதிப்புரிமை (படைப்புக்கு), 1999 சட்டத்தின் டிரேட்மார்க் (வியாபாரப் பேர், சின்னத்துக்கு), 2000 சட்டத்தின் டிசைன் உரிமை (பொருளின் வடிவத்துக்கு).

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் உடல்வாகு, அந்த உருண்டை முதுகு, டிசைன் சட்டத்தின் கீழ் வரும் சங்கதி. பதிவு செய்திருந்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னொரு 5, ஆக 15 வருடம். அதற்கு மேல் கிடையாது. பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழிற்சாலையில் 50 தடவைக்கு மேல் அந்தப் பொருளைத் தயாரித்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமையும் போய்விடும். பதிப்புரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. அதோடு, டிசைன் உரிமை மீறல் என்பது அந்த டிசைனைப் பதிவான வகைப் பொருளில் பயன்படுத்துவது. கார் டிசைனைத் திருடி இன்னொரு கார் செய்தால் அது மீறல். காரை வாட்டர்கலரில் வரைவது கார் செய்வது ஆகாது. ஆகவே உடல்வாகைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சில வடிவங்கள் மட்டும் டிரேட்மார்க்காகவே பதிவாகியிருக்கும். கோகோ கோலா பாட்டிலின் வளைவு அதற்குப் பேர்போன உதாரணம்.

டிக்கி மேல் இருக்கும் பேர் டிரேட்மார்க். வண்டியே நின்றுபோச்சு, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைப்போம். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 2017-இல் அந்தப் பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனம் வாங்கியது. ஒரு வண்டிகூடத் தயாராகாத நிலையில் பேருக்கு மட்டும் 80 கோடி! டிரேட்மார்க்கை 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பொருள் செத்தாலும் பேர் சாகாது.

மூன்றாவது, பொருள்மேல் அச்சிட்டிருக்கும் படம். பிஸ்கட் கவரில் இருக்கும் குழந்தை, வெண்ணெய் விளம்பரத்தில் புள்ளிப் பாவாடை போட்ட பெண், விமான நிறுவனத்தின் மகாராஜா எல்லாம் யாரோ ஒரு ஓவியர் வரைந்தவை. நம் படத்துக்கு இருக்கும் பதிப்புரிமை அவற்றுக்கும் உண்டு. ஓவியரின் ஆயுள், அதற்கப்புறம் 60 வருடம். கவர் லட்சக்கணக்கில் அச்சானதாலேயே அந்த ஓவியத்தின் உரிமை போய்விடாது. வண்டியைவிட பாக்கெட் ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான். வண்டியை வரையும்போது நாம் ஒரு பொருளைப் பார்த்து வரைகிறோம், கவரில் இருக்கும் குழந்தையை வரையும்போது இன்னொருவர் ஓவியத்தைப் பார்த்து வரைகிறோம்.

சிவகாசி தீப்பெட்டி லேபிள், பழைய காலண்டர் சாமி படம் பிரியர்களுக்கும் இதே கணக்கு. ராஜா ரவிவர்மா 1906-இல் இறந்தார், அவர் படங்கள் பொதுச்சொத்து. காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு இறந்தது 1976-இல். அவர் வரைந்த படங்களுக்கு 2036 முடிய உரிமை ஓடும். பழசாகத் தெரிவதெல்லாம் பழசு இல்லை.

படி 2: எதைப் பார்த்து வரைந்தீர்கள்?

கம்பெனிக்காரன் வழக்குப் போடுவானோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் முதலில் வருவது அவன் இல்லை, போட்டோகிராபர். பின்டரஸ்டில் கிடைத்த அழகான புல்லட் படம் ஒன்றை லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரியும் பலகை) வைத்துக் கோடுகோடாக எடுத்து வண்ணம் பூசினால், வண்டி யாருடையது என்ற கேள்விக்கு முன்னால் போட்டோ யாருடையது என்ற கேள்வி நிற்கும். கோணம், வெளிச்சம், சட்டகம் எல்லாம் அவர் தேர்ந்தெடுத்தவை. வண்ணத்தை மாற்றினேன், பின்னணியை எடுத்துவிட்டேன் என்பதெல்லாம் பெரிய பதில் இல்லை. இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பில்லை என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு சதவீதமே இல்லை. வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது, அதை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாமும் அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் வரையும்போது எடுப்பது அந்த விதத்தைத்தான்.

தீர்வு எளிது. நீங்களே போய்ப் படமெடுங்கள். அம்பாசிடருக்கு நான் எடுத்தது, எங்கள் தெரு மெக்கானிக் ஷெட்டில் நாலு வருடமாக நின்ற ஒரு வண்டி. இடது ஹெட்லைட் கண்ணாடியில் விரிசல், அதற்குள் எப்படியோ போன ஒரு வேப்பிலை. இணையத்தில் எந்தப் போட்டோவிலும் அந்த வேப்பிலை இருக்காது. பின்னால் யாராவது கேட்டால் காட்ட, தேதியோடு இருக்கும் அந்த மொபைல் படங்களையும் பென்சில் ஸ்கெட்சுகளையும் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன். நீங்களும் படத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள்.

படி 3: எதன்மேல் விற்கிறீர்கள்?

போனில் கேட்டவருக்கு உண்டான பதில் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் டேனியல் மூர் என்று ஒரு ஓவியர். அலபாமா பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை 1979-இலிருந்து வரைந்து விற்றுவந்தார். வீரர்களின் சீருடையும் அந்தச் சிவப்பு வெள்ளையும் எங்கள் அடையாளம், லைசென்ஸ் வாங்கு என்று பல்கலைக்கழகம் 2005-இல் கோர்ட்டுக்குப் போனது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓவியம், அதன் பிரின்ட், காலண்டர் எல்லாம் கலை வெளிப்பாடு, தடுக்க முடியாது என்றது. மக் போன்ற சாதாரணப் பொருட்களைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லாமல், கீழ் நீதிமன்றம் மேலும் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. ஒரே ஆள், ஒரே படம். சுவரில் மாட்டும்போது ஒரு பதில், காபி குடிக்கும்போது வேறு கேள்வி.

அது அமெரிக்கா, அங்கே பேச்சுச் சுதந்திரத்துக்கு இடம் அகலம். ஆனால் காரணம் இங்கும் பொருந்தும். சுவரில் மாட்டும் படத்தை வாங்குபவர் ஓவியரின் கையை வாங்குகிறார். மக், டிஷர்ட், கீசெயின் வாங்கும்போது பல சமயம் அதிலுள்ள பேரை வாங்குகிறார். அந்தக் கம்பெனியே தன் பேர் போட்ட மக்கும் டிஷர்ட்டும் விற்கக்கூடும். அப்போது நீங்கள் ஓவியர் இல்லை, போட்டி வியாபாரி.

நம் டிரேட்மார்க் சட்டத்தில் பொருட்களை 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வண்டி 12, அச்சுப் பொருளும் ஓவியமும் 16, மக் 21, துணிமணி 25. வண்டிக் கம்பெனி 12-இல் மட்டும்தானே வாங்கியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பெரிய நிறுவனங்கள் 16, 25 எல்லாவற்றிலும் வாங்கிவைத்திருக்கும். வாங்காவிட்டாலும், நாட்டில் நல்ல பேர் பெற்ற மார்க்கை வேறு வகைப் பொருளில் போட்டு அநியாயமாக ஆதாயம் தேடினால் அதுவும் மீறல் என்று 29-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இருக்கிறது.

தேடிப் பார்க்கக் காசு வேண்டாம். இந்திய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் தளத்தில் டிரேட்மார்க் பப்ளிக் சர்ச் இருக்கிறது. பேரையும் வகுப்பு எண்ணையும் போட்டால் யார் பேரில், எந்த நிலையில் இருக்கிறது என்று வரும். 'ரெஜிஸ்டர்ட்' என்றால் உயிரோடு இருக்கிறது. 'அபாண்டன்ட்' (கைவிடப்பட்டது), 'ரிமூவ்ட்' (நீக்கப்பட்டது) என்று வந்தாலும் உடனே துள்ள வேண்டாம். இன்னும் புழக்கத்தில் இருக்கும் பேருக்குப் பதிவில்லாமலேயே வழக்குப் போட வழியுண்டு.

என் சொந்த வழக்கம் இது. ஒரே ஒரு அசல் ஓவியம் என்றால் பேட்ஜ், பேர் எல்லாம் கண்ணில் பட்டபடி வரைவேன். அது அந்த வண்டியின் முகம். எண் போட்டு, இத்தனை பிரதிதான் என்று அளவாக எடுக்கும் பிரின்ட் என்றாலும் பேரை அப்படியே வைத்துக்கொள்வேன். மக், டிஷர்ட், ஸ்டிக்கர் என்றால் பேரையும் லோகோவையும் எடுத்துவிட்டு வேறு டிஜிட்டல் பிரதி தயார் செய்வேன். லோகோவை மட்டும் தனியாக வெட்டி ஸ்டிக்கராகக் கேட்பவர்களும் வருவார்கள். அது ஓவியமே இல்லை. டிரேட்மார்க்கைப் பொய்யாகப் பதிப்பது குற்றவியல் வழக்கு, 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. அந்த ஆர்டரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

படி 4: தலைப்பும் ஹேஷ்டேக்கும்

ஒரு ஆன்லைன் சந்தையில் என்னுடைய பதினேழு படங்களை ஒரே ராத்திரியில் தூக்கிவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கடையே காலி. படங்களில் தப்பில்லை, தலைப்புகளில்தான். கம்பெனிப் பேரை முதல் சொல்லாகப் போட்டு, அப்புறம் 'ஒரிஜினல் ஆர்ட்' என்று எழுதியிருந்தேன். படிப்பவருக்கு அது கம்பெனியின் ஒரிஜினல் சரக்கு மாதிரித் தெரியும். நான் சொன்னது என் ஒரிஜினல்!

எது என்று தெரிவிக்க, நேர்மையாக, தேவையான அளவுக்குப் பேரைச் சொல்ல டிரேட்மார்க் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. 'மெக்கானிக் ஷெட்டில் ஒரு பழைய அம்பாசிடர், வாட்டர்கலர், ஓவியர் இன்னார்' என்பது அந்த வகை. பேரைக் கடைப்பேரில் சேர்ப்பது, லோகோவின் எழுத்து வடிவிலேயே எழுதுவது, 'அஃபிஷியல்' என்பது, சம்பந்தமில்லாத படத்துக்கும் ஹேஷ்டேக்காக மாட்டுவது எல்லாம் வேறு வகை. எர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 'பர்க்கின்' கைப்பையை வைத்து 'மெட்டாபர்க்கின்ஸ்' என்ற பேரில் டிஜிட்டல் படங்கள் விற்ற கலைஞர் ஒருவருக்கு 2023-இல் நியூயார்க் ஜூரி 1,33,000 டாலர் நஷ்டஈடு போட்டது. 'இந்த நிறுவனத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை' என்ற வரியைக் கீழே போடுங்கள், நல்லதுதான். ஆனால் தப்பான தலைப்பை அந்த ஒரு வரி காப்பாற்றாது.

படி 5: கட்டடம், சிலை, சுவரோவியம்

கட்டடங்களை வரையலாம், விற்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. ரிப்பன் மாளிகை, எல்ஐசி கட்டடம், சென்ட்ரல், எதுவானாலும். மும்பை தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல் மட்டும் 2017-இல் தன் கட்டடத் தோற்றத்தை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறது. அதைப் பொருட்களில் போடும்போது யோசியுங்கள்.

பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையையும் வரையலாம். மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இறந்தது 1975-இல், உரிமை இன்னும் ஓடுகிறது. ஆனாலும் வரைய, படமெடுக்கத் தடையில்லை. களிமண்ணில் குட்டிச் சிலையாகச் செய்து விற்பதற்கு இந்த விலக்கு பேசவில்லை, கவனியுங்கள். சுவரோவியத்துக்கும் பேசவில்லை. சென்னை கண்ணகி நகர்ச் சுவர்களில் இருக்கும் பெரிய ஓவியங்களைத் தெருக்காட்சியின் ஓரத்தில் காட்டுவது வேறு, ஒரு சுவரை மட்டும் அப்படியே வரைந்து பிரின்ட் போடுவது வேறு. இரண்டாவதற்கு அந்த ஓவியரிடம் கேட்க வேண்டும்.

காந்தி படம், நேரு படம், தேசியக்கொடி, சிங்கச் சின்னம் ஆகியவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950, 2005 சட்டங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. நடிகர் முகம் இன்னொரு தலைவலி. ரஜினிகாந்தின் பேர், தோற்றம், பாணியை அனுமதியில்லாமல் பயன்படுத்திய ஒரு சினிமாவுக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. கேலிச்சித்திரத்துக்கும் கலைக்கும் இடம் விட வேண்டும் என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கிரிக்கெட் வீரர்கள் தொடர்பான வழக்கில் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பது வழக்குக்கு வழக்கு மாறும். நான் முகம் வரைவதில்லை, அதோடு விட்டேன்.

படி 6: ஆர்டர் எடுத்து வரைகிறீர்களா?

இது பலருக்கும் தெரியாது. ஒருவர் காசு கொடுத்து, 'என் புல்லட்டை வரைந்து கொடுங்கள்' என்று சொல்லி நீங்கள் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அந்த ஓவியத்தின் பதிப்புரிமைக்கு முதல் சொந்தக்காரர் அவர்தான், நீங்கள் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. வரைந்ததை நீங்களே பின்னால் பிரின்ட் போட்டு விற்றால், கம்பெனி அல்ல, உங்கள் வாடிக்கையாளரே நோட்டீஸ் விடலாம். அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் இப்படி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: "இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வாங்குபவர் மாட்டிக்கொள்ளலாம், படமெடுத்துப் பகிரலாம். அச்சிட்டு விற்கக் கூடாது." அரைப் பக்கம் போதும்.

படி 7: அனுமதி கேட்பது

நூற்றுக்கணக்கில் பொருள் போடப்போகிறீர்கள் என்றால் கேட்டுவிடுங்கள். படத்தை இணைத்து, எந்தப் பொருளில், எத்தனை, எங்கே, என்ன விலைக்கு, எத்தனை மாதம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். பதில் வராதது சம்மதம் ஆகாது.

படி 8: நோட்டீஸ் வந்துவிட்டால்

ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் பதில் அடிக்காதீர்கள். அதைக் கிழித்தும் போடாதீர்கள். முதலில் மூன்று விஷயம் பாருங்கள்: அனுப்பியது உண்மையில் உரிமைக்காரரா, எந்தப் பதிவு எண், எந்தப் படம். பதிவு எண்ணைப் பப்ளிக் சர்ச்சில் போட்டு, வகுப்பையும் நிலையையும் சரிபார்க்கலாம். கடைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்ற கணக்கு, ஸ்கெட்ச் ஃபோல்டர் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். அந்தப் படத்தைத் தற்காலிகமாக இறக்கி வைப்பது தப்பை ஒப்புக்கொள்வது ஆகாது.

இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது பதிப்புரிமைப் புகாரால் என்றால், 2013 விதிகளின்படி இங்கே ஒரு கணக்கு உண்டு: புகார் வந்த 36 மணி நேரத்தில் தளம் அதை முடக்க வேண்டும், 21 நாளுக்குள் புகார் கொடுத்தவர் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் திரும்பப் போடலாம். டிரேட்மார்க் புகாருக்கு இந்தக் கணக்கு கிடையாது, தளத்தின் சொந்த விதிதான். என் பதினேழு படங்களும் தலைப்பை மாற்றி எழுதிக் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன; இரண்டு மாதம் ஆனது, நடுவில் பொங்கல் விற்பனை போச்சு.

நோட்டீஸோடு உறுதிமொழிக் கடிதம் ஒன்றும் வரும், கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்பார்கள். நஷ்டஈட்டுத் தொகை, 'இனி எக்காலத்திலும்' என்ற சொல் இரண்டும் அதில் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடுங்கள். வக்கீலுக்கு ஒருமுறை பார்க்கக் கொடுக்கும் பணம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அடிப்படையே இல்லாமல் மிரட்டுகிறார்கள் என்றால், அந்த மிரட்டலுக்கு எதிராகவே வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 60-ஆம் பிரிவும் டிரேட்மார்க் சட்டத்தில் 142-ஆம் பிரிவும் இருக்கின்றன. வக்கீலிடம் இந்த இரண்டு எண்ணையும் கேட்டுப் பாருங்கள்.

ஆறு மக் ஆர்டர் கடைசியில் என்ன ஆனது? பேரில்லாத அம்பாசிடரைத்தான் போட்டுக் கொடுத்தேன். பேருக்குப் பதில் நம்பர் பிளேட்டில் அவர் அப்பா ஓட்டிய வண்டியின் எண்ணை எழுதித் தந்தேன். அடுத்த வாரம் இன்னும் ஆறு கேட்டார்.